உப்புக் காற்றில் உழைக்க எந்த பிக்கப்? ராமநாதபுரம் கடற்கரைக்கான சின்ன லோடு வண்டிகள்: ஓர் அலசல்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலும், பாம்பனுக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவிலும், சின்ன லோடு வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல; தொட்டிக்கு அடியில் இருக்கும் இரும்புதான். உள்மாவட்டத்தில் வருடக்கணக்கில் ஓடி, எஞ்சின் வேலைக்காக மட்டும் பட்டறைக்கு வருகிற அதே மாடல், இங்கே எஞ்சின் நன்றாக இருக்கும்போதே சேசிஸில் பொத்தல் விழுந்து எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுச் சோதனையில் மாட்டும். அதனால் ஷோரூமில் முதலில் பேசப்படுகிற மைலேஜ், குதிரைத்திறன், மாதத் தவணை மூன்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறு மூன்று கேள்விகளோடு போங்கள். ஏற்றப்போவது ஈரச் சரக்கா, உலர்ந்த சரக்கா? அதன் உண்மையான எடை என்ன? வண்டியின் அடிவயிற்றைக் கழுவிப் பராமரிக்க எவ்வளவு இடம் இருக்கிறது?

இங்கே எடுத்துக்கொள்வது இந்தக் கரையில் தினமும் கண்ணில் படுகிற வண்டிகளை: டாடா ஏஸ் (நம் ஊர் குட்டி யானை), மாருதி சூப்பர் கேரி, டாடா இன்ட்ரா, அசோக் லேலண்ட் தோஸ்த் மற்றும் படா தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப்.

முதலில் எடை

கம்பெனி சொல்லும் லோடு கணக்கு என்பது, வண்டியின் மொத்த அனுமதி எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தது. இந்த இரண்டு எண்களும் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யிலேயே இருக்கும். பலரும் விடுகிற இடம், கழித்து வருகிற மீதி முழுவதும் சரக்குக்கு என்று நினைப்பது. டிரைவர், கிளீனர், தார்ப்பாய், கயிறு, பின்னால் கட்டிய கம்பிக் கூண்டு, ஐஸ் பெட்டி எல்லாம் அந்த மீதிக்குள்தான் அடங்க வேண்டும்.

மீன் வண்டிக்குக் கணக்குப் போடுவோம். மதுரைக்கோ அதற்கு மேலோ போகிற மீனுக்கு, கோடையில், மீனும் ஐஸும் சம எடை என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். 500 கிலோ மீன் என்றால் 500 கிலோ ஐஸ். பிளாஸ்டிக் பெட்டிகள் ஐம்பது அறுபது கிலோ, ஆள் இரண்டு பேர் 130 கிலோ. ஏற்கெனவே 1200 கிலோவை நெருங்கிவிட்டது. இதில் பஃப் என்ற நுரை அடைத்த குளிர்காப்புப் பெட்டி கட்டினால், அளவையும் தகட்டையும் பொறுத்து இன்னும் 200 முதல் 350 கிலோ கூடும். அரை டன் மீன் எடுக்கிறவருக்கே ஒன்றரை டன் வண்டி தேவைப்படுகிறது என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் செய்தி. 'நமக்கு அரை டன்தானே, குட்டி யானை போதும்' என்று எடுப்பவர்களின் வண்டியில்தான் பின் ஸ்பிரிங் பட்டை முதலில் உடையும்.

குடிதண்ணீர் விற்பனையில் இது இன்னும் வெளிப்படை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1000 லிட்டர் டேங்கை, சுமார் 750 கிலோ லோடுக்கு வடிவமைத்த ஏஸில் வைத்தால், டேங்கின் எடையும் பம்பின் எடையும் சேராமலேயே கால் டன் கூடுதல். அதோடு தண்ணீர் அசையும் சரக்கு. பாதி நிரம்பிய டேங்க் வளைவில் பக்கவாட்டில் அலைந்து வண்டியைத் தள்ளும், பிரேக் பிடித்தால் முன்னால் மோதும். உள்ளே தடுப்புத் தகடு உள்ள டேங்காக வாங்குங்கள். முழுதாக நிரப்பி ஓட்டுங்கள், அல்லது முழுதாகக் காலி செய்து ஓட்டுங்கள். ஏஸுக்கு 500 லிட்டர் டேங்குதான் சரி. 1000 லிட்டர் என்றால் இன்ட்ரா வி30க்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம்.

வாலிநோக்கம் பக்கம் உப்பு மூட்டை ஏற்றுபவர்களுக்குக் கணக்கு எளிது: 50 கிலோ மூட்டை 20 என்றால் ஒரு டன். கரிமூட்டை நேர் எதிர். சீமைக்கருவேலக் கரி எடை குறைவு, இடம் அதிகம். அதற்குத் தேவை டன் அல்ல, தொட்டியின் நீளம். முண்டு மிளகாய் வத்தலும் அப்படித்தான். இவர்கள் லோடு அளவை விட்டுவிட்டு அடி அளவைப் பார்க்கலாம்: ஏஸ் சுமார் 7 அடி, தோஸ்த் 8 அடிக்குச் சற்று மேல், இன்ட்ரா வி30 ஏறக்குறைய 8.8 அடி, வி50யும் படா தோஸ்த் ஐ4உம் 10 அடியை நெருங்கும். ஆனால் உயரமாகக் கட்டிய கரி லோடோடு சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். 1988இல் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுப்பகுதியில் காற்றைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. எடை குறைந்து பக்கப் பரப்பு பெரிதாக உள்ள வண்டிதான் அங்கே அதிகம் தடுமாறும்.

துரு எங்கே பிடிக்கிறது, ஏன்

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர்த்துப் போவது இதனால்தான். கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைக் கடந்துவிடும். ஆக, சேசிஸில் உப்பு படிந்திருந்தால், மழையே பெய்யாத மாதத்திலும் அந்த இரும்பு ஒவ்வொரு இரவும் நனைகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேகமும் கூடுகிறது. வண்டியைக் கடலுக்குள் இறக்காவிட்டால் துரு வராது என்று நினைப்பது தவறு. தங்கச்சிமடத்தில் வீட்டு வாசலில் நிறுத்திய வண்டிக்கும் இதே கதிதான்.

அதைவிட மோசமானது மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர். கடல்நீரும் மீன் நீரும் கலந்த அந்த வடிநீர் தொட்டியின் தரையில் தேங்கி, தகட்டு இணைப்புகள் வழியாக இறங்கி, தொட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காருகிறது. அங்கேதான் முதல் பொத்தல் விழும். அடுத்தது, பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம். அதற்கடுத்து ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட், ஷேக்கிள், யு-போல்ட். பிறகு பிரேக் பைப். சேசிஸின் உள்பக்கமாக கிளிப்பில் பிடித்து ஓடும் மெல்லிய இரும்புக் குழாய் அது. கிளிப்புக்கு அடியில் ஈரம் தங்கி உள்ளுக்குள் அரித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. முழு லோடில் அழுத்திப் பிரேக் பிடிக்கிற அன்றுதான் வெடிக்கும். இந்தக் கரையில் ஓடும் வண்டிக்கு அந்தக் கிளிப்புகளைக் கழற்றிப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும்.

பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி இணைப்போடு வால்வு ஒன்று இருக்கும். லோடு ஏற ஏறப் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. அந்தக் கம்பி துருவேறி ஒரே நிலையில் இறுகிவிட்டால், காலி வண்டியில் பின் சக்கரம் இறுகி வழுக்கும், அல்லது லோடு வண்டியில் பின் பிரேக் பிடிக்காது. இதே வால்வை ஏமாற்றும் இன்னொரு வேலை, கூடுதல் லோடுக்காகப் பட்டை சேர்ப்பது. பட்டை கூடினால் லோடு ஏறினாலும் பின்பக்கம் இறங்காது. வால்வு 'வண்டி காலி' என்றே எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பலவீனமாகவே இருக்கும். பட்டை சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் வண்டி சின்னதாகப் போய்விட்டது என்று பொருள். வேறு வண்டி பாருங்கள்.

கழுவுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடலோரத்தில் பெரும்பாலான போர் தண்ணீர் உப்பு. அதில் வாட்டர் வாஷ் செய்தால் அழுக்குப் போகும், உப்பு மறுபடி ஏறும். ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டுக் காயவைத்துப் பாருங்கள். வெள்ளைப் படிவம் கெட்டியாக நின்றால் அந்தத் தண்ணீர் மேல்கழுவலுக்கு மட்டும். கடைசி அலசல் நல்ல தண்ணீரில், ஊருணித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, அடிப்பக்கம் முழுக்க, நூறு லிட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மீன் இறக்கிய அன்றே செய்ய வேண்டும். மறுநாள் என்றால் உப்பு ஒட்டியாகிவிட்டது. சேசிஸின் மூடிய சட்டங்களில் கீழே இருக்கும் சின்ன வடிகால் ஓட்டைகளை மாதம் ஒரு முறை கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். மண்ணடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

அடிக்கோட்டிங் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். புது வண்டி என்றால், முதல் ஈர லோடு ஏறுவதற்கு முன்பே அடிக்க வேண்டும். துருப்பிடித்த இரும்பின் மேல் ரப்பர் கோட்டிங் அடித்தால் அது துருவை மூடிவைக்கும், நிறுத்தாது; உள்ளே ஈரம் சிறைப்பட்டு முன்பைவிட வேகமாகத் தின்னும். பழைய வண்டிக்கு முறை வேறு: கம்பி பிரஷில் தேய்த்து, துரு மாற்றும் திரவம் தடவி, காய்ந்தபின் ஜிங்க் பிரைமர் இரண்டு கோட்டு, அதன்மேல் சேசிஸ் பெயிண்ட். மூடிய சட்டங்களுக்குள் மெழுகு வகைத் திரவத்தை நீளக் குழாய் வைத்து அடிப்பது நல்லது. சைலன்சர், புகை வடிகட்டி, சென்சார்கள், பிரேக் டிஸ்க், புரொப்பல்லர் ஷாஃப்ட், வடிகால் ஓட்டைகள் இவற்றில் கோட்டிங் படவே கூடாது. கழிவு ஆயிலை அடிப்பக்கம் முழுக்க அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பர் புஷ்களையும் ஹோஸ்களையும் உப்ப வைக்கும், புழுதியைப் பிடித்து வைக்கும். அடுத்த முறை பெயிண்ட் அடிக்க நினைத்தால் பெயிண்டும் ஒட்டாது. அதை விட்டுவிடுவது நல்லது.

வண்டிக்கு வண்டி

டாடா ஏஸ் 2005இல் வந்தது. இந்தியாவில் நான்கு சக்கர மினி டிரக் என்ற வகையே அதிலிருந்துதான் பரவியது. முதலில் வந்தது இரண்டு சிலிண்டர் 702 சி.சி. டீசல், பிறகு 694 சி.சி. பெட்ரோல் வகையும் வந்தது. இதன் பலம் திரும்பும் இடம். 4.3 மீட்டர் ஆரத்தில் வளையும் என்பதால் கீழக்கரைத் தெருக்களிலும் ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளிலும் இதற்கு இணை குறைவு. பாகம் கிடைக்காத ஊரே இல்லை, கை வைக்கத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை. பலவீனம் 12 அங்குலச் சக்கரம். மணலில் புதையும், குழியில் முழுதாக இறங்கும், நீண்ட சாலையில் டயர் சீக்கிரம் சூடாகும். ஊருக்குள் காய்கறி, மளிகை, கருவாடு, ஐஸ் சில்லறை என்றால் நல்ல வண்டி. தினமும் மதுரை போய்வர இதை எடுக்காதீர்கள்.

சூப்பர் கேரி 2016இல் 793 சி.சி. டீசலாக வந்தது. இப்போது வருவது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல். பெட்ரோல் என்பதால் டீசலுக்கு உரிய புகை வடிகட்டித் தொல்லை கிடையாது. தினமும் பத்து இடத்தில் நின்று நின்று போகிற தொழிலுக்கு அது பெரிய நிம்மதி. பெட்ரோல் வகையில் லோடு 740 கிலோ, சி.என்.ஜி. வகையில் சிலிண்டர் எடை போக 625 கிலோ. பெட்ரோல் வகையில் 20 லிட்டர் கேன் போடுபவர் இரண்டு ஆள் எடையைக் கழித்துவிட்டு முப்பது கேனுக்குள் என்று கணக்கு வைக்கலாம். எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் நம் ஊர் வெயிலில் கேபின் சூடாகும்; ஆயில், கூலன்ட் பார்க்க இருக்கையைத் தூக்க வேண்டும். அந்தச் சிரமத்தால் பார்க்காமல் விடுவதுதான் இந்த வண்டிக்கு வரும் பெரிய கேடு. சி.என்.ஜி. எடுப்பவர்கள் சிலிண்டரைத் தாங்கும் பட்டையையும் பிராக்கெட்டையும் மாதாமாதம் பாருங்கள். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை கட்டாயம். இரண்டாம் கையில் வாங்கினால் அதன் சான்றிதழை முதலில் கேளுங்கள். ஈர மீனுக்கு இந்த வண்டி வேண்டாம்.

இன்ட்ரா 2019இல் வந்த வரிசை. வி30யில் நான்கு சிலிண்டர் 1496 சி.சி. டீசல், 70 குதிரைத்திறன், லோடு 1300 கிலோ, 14 அங்குலச் சக்கரம். வி50யில் அதே கொள்ளளவு எஞ்சினில் 80 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, லோடு 1500 கிலோ. வி30யின் விசை 140தான். இந்த வித்தியாசம் காகிதத்தில் இருப்பதைவிடச் சாலையில் பெரிது. முழு லோடோடு படகுத்துறைச் சரிவில் ரிவர்ஸ் எடுத்து ஏறும்போது வி30யில் கிளட்சை அரைக்க வேண்டி வரும், வி50 சாதாரணமாக ஏறும். கிளட்ச் பிளேட் எத்தனை நாள் வரும் என்பதை இந்தச் சரிவுகள்தான் முடிவு செய்கின்றன. கேபின் வசதி, பவர் ஸ்டியரிங் இரண்டிலும் இன்ட்ரா நல்ல வண்டி. தினமும் ஐந்தாறு மணி நேரம் ஓட்டுகிற டிரைவரின் தோளுக்கு அது தெரியும்.

தோஸ்த் 2011இல் அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து கொண்டுவந்தது. 2016க்குப் பிறகு முழுக்க லேலண்டின் கையில். ஓசூர்த் தயாரிப்பு. மூன்று சிலிண்டர் 1478 சி.சி. டீசல். மூன்று சிலிண்டர் என்பதால் ஐட்லிங்கில் கொஞ்சம் அதிரும், அது கோளாறல்ல. மீன் தொழிலுக்கு எனக்கு இதன்மேல் சாய்வு உண்டு. காரணம், அடிப்பக்கம் திறந்த அமைப்பு. சேசிஸ், ஸ்பிரிங் பிராக்கெட், பிரேக் பைப் எல்லாவற்றையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும், கையை விட்டுப் பெயிண்ட் அடிக்கவும் இடம் கிடைக்கிறது. 2020இல் வந்த படா தோஸ்த் அதே கொள்ளளவு எஞ்சினில் 80 குதிரைத்திறன், 190 விசை. மேலே போட்ட அரை டன் மீன் கணக்குக்கு, குளிர்காப்புப் பெட்டியோடு, படா தோஸ்த்தும் இன்ட்ரா வி50யும்தான் பொருந்தும். இரண்டில் எது என்றால், ராமநாதபுரத்தில் உங்கள் மெக்கானிக் எதைக் கழற்றிப் பழகியிருக்கிறாரோ அது.

பொலிரோ பிக்கப் வேறு சாதி வண்டி. 2523 சி.சி., நான்கு சிலிண்டர், 1.3 டன், 1.7 டன் என்று வகை உண்டு. பெரிய எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுப்பதால் உப்பளத்து மண்பாதை, கண்மாய்க் கரை, மூக்கையூர்ப் பக்க மணல் தடம் ஆகியவற்றில் மற்றவை திணறும் இடத்தில் இது நிதானமாக ஏறும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், டயரும் விலை அதிகம், குறுகிய தெருவில் திருப்ப முடியாது. நல்ல தார்ச்சாலையில் மட்டும் ஓடுகிறவர் இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். மண்பாதையில் தினமும் லோடு எடுக்கிறவருக்கு அது வீணே இல்லை.

மின்சார வண்டி பற்றி ஒரு வரி: ஏஸ் இ.வி. 2022இல் 21.3 கிலோவாட் மணி பேட்டரியோடும் 154 கிலோமீட்டர் சான்று தூரத்தோடும் வந்தது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்வந்தாலே 110 கிலோமீட்டர். லோடும் எதிர்காற்றும் சேர்ந்தால் கையில் மிச்சம் குறைவு. ஊருக்குள் ஓட்ட மட்டும் யோசிக்கலாம்.

இவை அனைத்தும் பின்சக்கர இழுவை வண்டிகள். காலி வண்டியில் பின்பக்கம் எடை இல்லாததால் மணலில் சக்கரம் சுழன்று தோண்டிவிடும். மாட்டினால் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள். பின் டயர்க் காற்றைப் பாதியளவு குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் பலகையோ பனை மட்டையோ கொடுத்து, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் காற்றடிக்காமல் லோடு வைத்து ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் போய்விடும்.

பி.எஸ்.6 டீசல்

பி.எஸ்.6 என்ற புகை விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். கரி நிறைந்ததும் எஞ்சின் அதிகச் சூட்டில் அதைத் தானாக எரிக்க வேண்டும். அதற்கு விட்டு விட்டு ஓடாத, ஓரளவு வேகமான ஓட்டம் தேவை. மண்டபத்திலிருந்து ஐஸ் பிளான்ட், அங்கிருந்து துறை, துறையிலிருந்து மீன் வாடி என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் துண்டுகளாக ஓடும் வண்டியில் அந்தச் சூடு வரவே வராது. வடிகட்டி அடைத்து விளக்கு எரியும், இழுவை குறையும். வாரத்துக்கு ஒரு முறையாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபது முப்பது நிமிடம், ஒரு கியர் குறைத்து, எஞ்சின் சுற்றை உயர்த்தி ஓட்டுங்கள். விளக்கு எரிந்த பிறகும் துண்டு ஓட்டம் ஓட்டினால் கரி எரிப்பதற்காகச் செலுத்தப்படும் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, உடனே ஆயில் மாற்றுங்கள். ஊற்றுவது குறைந்த சாம்பல் வகை ஆயிலாக, கையேட்டில் உள்ள அதே தரமாக இருக்க வேண்டும்.

படகுக்கு வருகிற மானிய டீசலையும் மண்ணெண்ணெயையும் வண்டியில் ஊற்றாதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். மண்ணெண்ணெயில் வழுவழுப்பு குறைவு. காமன் ரெயில் பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழுவழுப்பை நம்பித்தான் ஓடுகின்றன, தேய்ந்தால் ஆயிரங்களில் முடியாது. டீசல் ஃபில்டருக்கு அடியில் உள்ள நீர்ப்பிரிப்பானை வாரம் ஒரு முறை திறந்துவிடுங்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது இந்த மாவட்டத்தில் எஞ்சினைக் கொல்லும் முதல் காரணம் என்றே சொல்வேன். அலுமினிய ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் உப்புத் தண்ணீரில் அரித்துப்போகும். கூலன்டோடு கலக்கக் காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

தொட்டி கட்டுவது

மீன் வண்டிக்குத் தொட்டித் தரையில் கண்ணாடி இழை லைனிங் போடுவதுதான் நல்லது. தரையோடு நிற்காமல் பக்கச் சுவரில் ஓர் அடி ஏறி ஒரே துண்டாக இருக்க வேண்டும். அலுமினியத் தகடு போடுகிறவர்கள் அதை நேரடியாக இரும்பின் மேல் போல்ட் அடிக்கிறார்கள். உப்புநீரில் இரண்டு உலோகம் தொட்டால் அலுமினியம் அரிக்கும், தகட்டுக்கு அடியில் தேங்கும் நீர் இரும்பையும் தின்னும். நடுவில் ரப்பர் ஷீட், போல்ட்டுக்கு நைலான் வாஷர், விளிம்பு முழுக்க சீலன்ட். பின் மூலைகள் இரண்டிலும் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் வைத்து, அதன் வாய் சேசிஸுக்கும் ஸ்பிரிங்குக்கும் வெளியே, இன்னும் கீழே இறங்கி முடிய வேண்டும். ஒரே குழாய் வைத்தால் வண்டி சாய்ந்து நிற்கும் பக்கம் தண்ணீர் தேங்கும். குழாய்க்கு மூடி போடுங்கள். மீன் தண்ணீரைச் சாலையில் சிந்திக்கொண்டே போவது பின்னால் வரும் பைக்காரருக்கு ஆபத்து.

பெட்டி கட்டும் பட்டறையில் சேசிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சேசிஸில் கம்பெனி விட்ட துளைகளிலேயே யு-போல்ட்டும் பிராக்கெட்டும் பிடிக்க முடியும். வெல்டிங் வைத்த இடத்தில் பெயிண்ட் எரிந்து, அங்கிருந்து துரு தொடங்கும். விரிசலும் அங்கேதான் வரும். தொட்டியில் வெல்டிங் வைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் யூனிட் போய்விடும்.

பழைய வண்டி

விளம்பரத்தில் கிலோமீட்டர் பார்க்காதீர்கள், ஊர் பாருங்கள். ஆர்.சி.யில் டி.என்.65 என்று இருந்தால் மட்டும் போதாது. முதுகுளத்தூரில் வத்தல் ஏற்றிய வண்டியும் பாம்பனில் நண்டு ஏற்றிய வண்டியும் ஒரே எண்தான், ஆனால் அடிப்பக்கம் இரண்டும் ஒன்றல்ல. அடியில் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் பிராக்கெட்டையும் தட்டிப் பாருங்கள்: நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், துருத் தின்றது மந்தமாகக் கேட்கும், தகடாக உரியும். தொட்டித் தரை விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பிரேக் பிளீடிங் நிப்பிள் நான்கும் ஸ்பேனருக்கு அசைகிறதா பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால் பல வருடமாக பிரேக் ஆயில் மாற்றவில்லை.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை மூச்சுப்போல் பலமாக அடித்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும்போது, அதுவும் எஞ்சின் ஆறியிருக்கும்போது, செங்காவி நிறத்தில் தண்ணீர் இருந்தால் கிணற்றுத் தண்ணீர் ஓடிய வண்டி. விலையில் எஞ்சின் வேலையைக் கழித்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பொத்தல் விழுந்த சேசிஸுக்கு மட்டும் எந்த விலையும் சரியான விலை ஆகாது.

காகிதம்

மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு பெர்மிட் தேவையில்லை; ஏஸ், சூப்பர் கேரி, இன்ட்ரா வி30 இந்த எல்லைக்குள். அதற்கு மேல் போனால் பெர்மிட் உண்டு. எஃப்.சி. புது வண்டிக்கு இரண்டு வருடம், எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பிறகு வருடா வருடம். சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே இந்த வண்டிகளுக்குப் போதும். 7500 கிலோ வரை அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் 7500 கிலோ வரை ஒரே படிநிலைதான். குட்டி யானை என்பதால் அந்தப் பிரீமியம் குறையாது. சின்ன வண்டி எடுக்கிறோம் என்று அந்தச் செலவைக் குறைத்துக் கணக்குப் போட்டவர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் மேலும். திருவிழாவுக்கும் கூலி வேலைக்கும் தொட்டியில் ஆள் ஏற்றிப் போனால், விபத்து நடந்தால் அந்த ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் நிற்காது. இதை டிரைவரிடம் எழுதி வாங்கிவைப்பது நல்லது.

எடுக்கும் நாள்

ஓட்டிப் பார்க்கக் கேட்கும்போது காலி வண்டியை ஓட்டி ஒன்றும் தெரியாது. ஒரு டன் மணல் மூட்டை ஏற்றித் தரச் சொல்லி, ஏதாவது ஒரு சரிவில் நிறுத்தி, ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். ஷோரூம் பாகக் கடையில் ஐந்து பொருளின் விலையும் கையிருப்பும் கேளுங்கள்: கிளட்ச் செட், முன் பிரேக் பேட், பின் சக்கர பேரிங், பிரேக் பைப், புகை வடிகட்டி சென்சார். மதுரையிலிருந்துதான் வர வேண்டும் என்று எதற்கெல்லாம் சொல்கிறார்களோ, அந்த ஒவ்வொன்றுக்கும் வண்டி ஒரு நாள் நிற்கும். ஐஸில் இருக்கும் மீன் அதுவரை காத்திருக்காது.

வாரன்ட்டியில் துருவுக்கு என்ன பதில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் வண்டிகளுக்கு வேலை குறைவு; பழைய வண்டியின் அடிப்பக்க வேலை முழுவதையும் அந்த 61 நாளுக்குள் முடித்துவிடலாம், வெயிலில் பெயிண்டும் நன்றாகக் காயும். புது வண்டி எடுப்பவர்கள் தயாரித்த மாதத்தைச் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடலோர யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியாக இருந்தால் பிரேக் டிஸ்க்கின் விளிம்பிலும் யு-போல்ட் நட்டிலும் செந்துரு தெரியும். அந்த வண்டி வேண்டாம், வேறொன்று எடுத்துவரச் சொல்லிவிட்டு, அது வந்து அடியில் படுத்துப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.